மூன்று இழுப்பறைகள்

ஓல்டன்ஹைம் பதக்கத்துக்கு எண்பது வயது.
விழா மலருக்கு அதன் வரலாற்றை
எண்ணூறு சொல்லில் எழுதித் தரச் சொன்னார்கள்.
என்னைக் கேட்ட காரணம் தெரியும்:
மற்றவர்கள் மாட்டேன் என்றிருப்பார்கள்.

மிண்டன் வளாகத்தில் குளிர்சாதனம் பழுது.
ஜன்னலுக்கு அப்பால் பாலம்;
பாதிக்கு மேல் புகைமூட்டம் தின்றுவிட்டது.
திரையில் நாலாயிரம் பழைய தாள்.

முதல் தாள், மூக்குக்கண்ணாடி வியாபாரியின் உயில்:
கையால் தொட முடியாததைக்
காகிதத்தில் தொட்டவருக்கு.
நடுவர் ஐவர். நால்வருக்கு ஒரே ஊர், ஒரே சுருட்டு.
போர்க்காலத்தில் தங்கம் போய்
முலாம் பூசிய வெள்ளி வந்தது.
எங்களூரில் வெள்ளி என்றால் பணம்; சிரித்துக்கொண்டேன்.
ஓர் ஆண்டு பரிசாளர் மேடைக்கு வரவில்லை,
மீன் பிடிக்கப் போயிருந்தார்.
ஓர் ஆண்டு கணக்கையெல்லாம் போட்டவள் பெயர்
நன்றியுரையின் கடைசி வரியில்,
தட்டச்சு செய்தவளுக்கும் பூனைக்கும் நடுவில்.

இதெல்லாம் முந்நூறு சொல்.

பிறகு எஸ் இழுப்பறையில் ஒரு பரிந்துரை.
சவரிராயன், துறைமுக அலுவலகம், பினாங்கு.
ஓத அட்டவணை போடும் குமாஸ்தா.
பேரேட்டுத் தாளில் பதினொரு பக்கம்,
பற்றுக்கும் வரவுக்கும் இடையே சமன்பாடுகள்.

ஒவ்வொரு புள்ளியிலும் பெயரை மாற்றிக்கொள்,
இங்கே ஒன்று, அங்கே வேறொன்று,
யாரையும் கேட்காதே.
அப்போதும் கணக்குக் கலங்காமல் வந்தால்
மிஞ்சி நிற்பதுதான் இயற்கை.
மற்றது நம் கையெழுத்து.

பினாங்கில் இருந்துகொண்டு ஒருவர்
இதைக் காணாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.
நாங்கள் கடைத்தெரு என்போம்,
பலகை லெபு பசார் என்னும்,
துரைமார் மார்க்கெட் ஸ்திரீட் என்று எழுதிவிட்டுப் போனார்கள்,
எதிர்க்கடை ஹொக்கியன்காரர்
வேறு ஏதோ சொல்லுவார்.
சைக்கிள் ஒரே பள்ளத்தில்தான் பஞ்சராகும்.

தாளின் ஓரத்தில் பென்சில்:
ஒரு வாக்கு. போதாது.

மறுநாள் எக்ஸ் இழுப்பறை.
எக்சேவியர் ராயன். அதே பதினொரு பக்கம்,
வேறொரு பேராசிரியரின் பரிந்துரை.
ஒரு வாக்கு. போதாது.
வெள்ளிக்கிழமை, ஆர்:
ராயன், எஸ். ஏ.
மை கொஞ்சம் ஊறியிருந்தது. ஒன்று. போதாது.

மூன்றும் ஒரே ஆண்டு.
ஐவரில் மூவர் போதும் என்பது விதி.

எழுந்து போய் தே ஓ வாங்கிக் குடித்தேன்.
சீனி போட்டார்களா என்று நினைவில்லை.

அந்த ஆண்டின் அறிக்கை சொல்கிறது:
தகுதியுள்ளவர் எவரும் கிடைக்காததால்
பதக்கம் வழங்கப்படவில்லை.
அவருக்குத் தெரியுமா?
தெரிந்ததற்கு ஒரு தாள் இல்லை.
தெரியாததற்கும் இல்லை.

துறைமுகத்தில் புவான் ரொஸ்னீத்தா
அலமாரியைக் குடைந்து
ஓதப் புத்தகம் ஒன்று எடுத்துத் தந்தார்.
நவம்பர், விடிகாலை மூன்று நாற்பது, எட்டடி.
அதை நம்பித்தான் தொங்கான்கள் கரை பிடித்தன.
பக்க மூலையில் ச. ரா.,
தமிழில், எறும்பளவு.

மலர்க்குழுவின் விதி ஏழு:
ஒருவர் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல்.

மூன்றையும் ஒரே வரியில் போட்டேன்,
நடுவே இரண்டு சமக்குறி வைத்து.
அச்சுப்பிழையா என்று கேட்பார்கள்.
இன்னும் கேட்கவில்லை.

இரவு ஒன்பதே காலுக்கு நீர் ஏறும் என்கிறது புத்தகம்.
அது அறுபது வருடத்துக்கு முந்தைய ஒன்பதே கால்.
தெரிந்தும் எஸ்பிளனேட் சுவரோரம் போய் நின்றேன்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.
கடல் வற்றிக் கிடந்தது.
சேற்றில் யாரோ டார்ச் அடித்து
எதையோ தேடிக்கொண்டிருந்தார்.