தனியே வந்த பெட்டிகள்

வல்லநாட்டுப் பாலத்தில் பஸ் ஏறும்போதே
மைதீன் பிச்சையின் மூன்றாவது அழைப்பு.
"சாமான் எறங்கிட்டாம்மா?"
பாதி இறங்கியிருக்கிறது என்றேன்.
பாதி என்றால் வியாபாரிக்குப் புரியும்.
சுங்கத்துக்குப் புரியாது.

இருநூறு மின்சேமிப்பு எந்திரங்கள்
போன வாரமே தூத்துக்குடிக்கு வந்து, வரி கட்டி,
மேலப்பாளையம் குடோனில்
அட்டைக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன.
அவற்றுக்கென்று செய்த உறைபெட்டிகள்
கொழும்பில் கப்பல் மாறுகையில் தவறிப்போய்
எட்டு நாள் கழித்து வந்தன,
வேறு கண்டெய்னர், வேறு பில்.

எந்திரத்துக்கே அன்று ஒரு வழக்கு நடந்தது.
உள்ளே பாட்டரி: எண்பத்தைந்து பூஜ்யம் ஏழு.
கூடவே இன்வெர்ட்டர்: எண்பத்தைந்து பூஜ்யம் நான்கு.
எது இதன் உயிர்?
வைத்திருப்பதா, மாற்றிக் கொடுப்பதா?
சைவ மடத்தில் கேட்டிருந்தால்
மூன்று தலைமுறை உரை எழுதியிருப்பார்கள்.
எங்களுக்கு மாலை ஐந்து மணி வரைதான்.
வைத்திருப்பதே என்று முடிவாயிற்று.

இப்போது பெட்டி.
ஆறு ஊருக்குள் வந்த அந்த மார்கழியில்
ஏரல் கிளையில் முப்பது எந்திரம்
சேறு குடித்துச் செத்தன.
இந்தப் பெட்டி மிதக்குமாம்,
அதற்காகவே சொல்லிச் செய்தார்.

விதி ஐந்து, உட்பிரிவு அ:
ஒரு பொருளுக்கென்றே வடித்து,
நெடுநாள் உழைக்கச் செய்து,
அதனோடு சேர்ந்து வரும் உறை
அதன் பேரிலேயே கரையேறலாம்.
சேர்ந்து வந்தால்.
எந்திரத்துக்குக் கிடைத்த சலுகை முழுவதும்
அந்த இரண்டு சொல்லில் தொங்குகிறது.

பரிசோதனைக் கொட்டகை. தகரம் கொதிக்கிறது.
அமலோற்பவம் மேடம் ஒன்றைத் திறந்தார்.
கறுப்புப் பிளாஸ்டிக், நான்கு கொக்கி, ரப்பர் விளிம்பு.
உள்ளே நுரைப்பஞ்சில்
எந்திரம் இல்லாத எந்திரம்:
கைப்பிடிக்கு ஒரு குழிவு,
வயர் சுருளுக்கு ஒரு வட்டம்,
பொத்தானுக்குக்கூட விரல்நுனிப் பள்ளம்.

"வேற எதுக்கும் ஆகாது மேடம், பாத்துக்கிடுங்க."
பிள்ளையின் மூக்கைக் காட்டித்
தகப்பன் பேர் சொல்கிற குரல் எனக்கு.

மேடம் ஒன்றும் பேசவில்லை.
மேசையிலிருந்த தன் எவர்சில்வர் அடுக்கை எடுத்து
குழிக்குள் வைத்தார்.
உட்கார்ந்தது.
மூடினார். நான்கு கொக்கியும் விழுந்தன.
தூக்கிக் குலுக்கி, திரும்பத் திறந்தார்.
மாசிச் சம்பல் ஒரு துளி சிந்தவில்லை.

"சொல்லு உலகம்மா, இது யாருக்குச் செஞ்ச பெட்டி?"

சீல் உடைக்க வந்த கொம்பையாதான்
முதலில் சிரித்தார்.

என்னிடம் வாதம் இருந்தது.
பொருந்துவது வேறு, பொருந்தச் செய்வது வேறு.
சீனத்துக் கம்பெனியின் அளவு வரைபடம்
என் பையிலேயே இருந்தது.
எடுக்கவில்லை.
சோற்றடுக்கு வைக்காமலிருந்தாலும்
கதை இதுதான்.
தனியே வந்தது தன் பேரில்தான் நிற்கவேண்டும்.

நாற்பத்திரண்டு பூஜ்யம் இரண்டு.
சூட்கேஸ், கண்ணாடிக் கூடு, கேமரா உறை;
வயலின் பெட்டியும் துப்பாக்கி உறையும்
அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கும் தெரு.
அங்கே இருநூறு பேரைக் குடியேற்றினேன்.
வித்தியாசம், வட்டி,
கிடந்த நாளுக்குக் கிடைவாடகை.

மைதீன் பிச்சை போனில்
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டார்.
"டப்பாவுக்கா இவ்வளவு?"
"டப்பாவுக்கு இல்ல அண்ணே.
தனியா வந்ததுக்கு."

சனிக்கிழமை கையெழுத்து வாங்கக் குடோனுக்குப் போனேன்.
கரண்ட் இல்லை.
ஒரு எந்திரத்தை முடுக்கி அதன் வெளிச்சத்தில்
மற்றவற்றைப் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
கைப்பிடி இடித்தது.
"ஏ, அமுக்குல" என்றார் மைதீன் பிச்சை.
சாகுல் முழங்காலை மூடிமேல் ஊன்றி
கொக்கியை இழுத்து மாட்டினான்.
அடுத்ததும் அப்படியே.

மேடத்தின் அடுக்கு
இதைவிட நன்றாகப் பொருந்தியது.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.