ஆயர் பெயர் வரும் இடம்

திருப்பலியில் அந்த இடம் வந்ததும்
பாதர் ஒஸ்வால்தோ தடுக்குவார்.
திருத்தந்தையின் பெயரைச் சொல்லிவிட்டு
"எங்கள் ஆயர்" என்று வாயெடுத்து
விழுங்கிக்கொள்வார்.
பதினான்கு மாதமாக எங்களுக்கு ஆயர் இல்லை.
மரச்சில்லுக் கூரையில் பெய்யும் மழை
அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

சான் எலாடியோ மறைமாவட்டம்:
முப்பத்தொரு தீவு, நாற்பத்தேழு கோயில்,
ஒன்பது குருக்கள்,
அதில் இருவருக்குப் படகேறினாலே குமட்டும்.
வரைபடத்தின் அடியில் சிலி நாடு
கிழிந்து நூல்நூலாய்த் தொங்குமே, அங்கே.

செயலக நடையில் நான்கு ஆயர்களின் படங்கள்.
நான் குமாஸ்தா.
தூசி தட்டுவது என் வேலையில் எழுதப்படாத பாதி.

முதலாமவர் பவேரியாக்காரர், கப்புச்சின் தாடி.
கடலென்றால் நடுக்கம்.
காலிடுக்கில் வாளியோடு
எல்லாத் தீவுக்கும் போனார்.
திருமுழுக்குப் பதிவேட்டில் அவர் கையெழுத்து
இன்னமும் அலையோடு ஏறி இறங்குகிறது.

அவருக்கு முன்பே இங்கே
இருநூறு வருஷம் ஞாயிறு இருந்தது.
வருஷத்துக்கு ஒருதரம் குரு வந்தால் உண்டு.
மற்ற நாளெல்லாம் தீவுக்கொரு உபதேசியார்,
உருளைக்கிழங்கு நட்ட கையைக் கழுவி
பிள்ளை தலையில் தண்ணீர் வார்த்தார்,
செத்தவனுக்கு மண் தள்ளினார்.
அவர்களுக்குப் படமில்லை.

இரண்டாமவர் கட்டினார்:
பள்ளி, வானொலி நிலையம், கடன்.

மூன்றாமவர் தொன் அபெலார்தோ.
சிப்பாய்கள் கதவு தட்டிய வருஷங்களில்
தன் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டு
நாற்காலியில் தூங்கினார்.
"மாடியில் யார்?" என்றான் காப்டன்.
"நோயாளி."
பொய்யா என்று பிறகு கேட்டவர்களிடம்
பயம் எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தி என்றாராம்.

நான்காமவருக்கு நல்ல குரல்.
பிள்ளைகள் பெயரெல்லாம் மறக்கமாட்டார்.
அவர் காலத்தில்தான் கடிதங்கள் வந்தன.
முதலாவது எதுவினா ரெமோல்கோய் எழுதியது,
மகனின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில்,
பென்சிலால்.
நான்தான் பிரித்தேன்.
நான்தான் முத்திரை குத்தினேன்: பெறப்பட்டது.
கோணாமல் குத்துவதில் எனக்கொரு கர்வம் உண்டு.
அவர் வாசித்தார். இழுப்பறையைத் திறந்தார். மூடினார்.
அந்தக் குருவைத் தீவு மாற்றினார்.
பதினொரு கடிதம். பதினொரு முத்திரை. நாலு தீவு.
பன்னிரண்டாவது என் மேசையைத் தொடாமல்
நேரே ரோமுக்குப் போயிற்று.

புது ஆயர் செவ்வாய்க்கிழமைப் படகில் இறங்கினார்,
வரவேற்புக் குழு புதன் என்று நினைத்திருந்தது.
நனைந்த பெட்டியும் இருமலுமாக
என் மேசைக்கு முன் நின்று சாவி கேட்டார்.
பேராலயச் சாவி இவ்வளவு பெரிது,
பித்தளை, வெல்வெட் பையில்.
நான் கொடுத்தது அதை அல்ல.

இழுப்பறை ஈரத்தில் இறுகியிருந்தது.
இருவரும் சேர்ந்து இழுத்தோம்.
முத்திரைகளைப் பார்த்தார். பிறகு என்னை.
"நீங்களே வாசியுங்கள்" என்றார்.
"சத்தமாக."

பதவியேற்பு ஞாயிற்றுக்கிழமை.
அதுவரை அவர் பெயர் பலியில் வராது.

பென்சில் எழுத்து மங்கிவிடவில்லை,
எனக்குத்தான் எழுத்துக் கூட்டவேண்டி வந்தது.
நான்காவது கடிதத்தில் மின்சாரம் போயிற்று.
அவர் கைபேசி வெளிச்சத்தைத் தாளுக்கு நேரே பிடித்து
விட்ட வரியிலிருந்து என்றார்.