கழிவுத் தொகை

மார்ச் முப்பத்தொன்றோடு திட்டம் முடிந்தது.
பேனரைக் கேட்டு வாங்கி
ஒழுகும் கூரைமேல் விரித்துக்கொண்டது எதிர் இட்லிக்கடை.
மேசை, மின்விசிறி, இரண்டு நாற்காலி
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.
அறுபத்து மூன்று பரிசோதனைப் பெட்டி மட்டும்
யார் கணக்கிலும் இல்லை.

புளியந்தோப்பில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில்
ஏ-ஃபோர் கட்டுகளுக்குப் பின்னால் அடுக்கினேன்.
முதலாளி தேவசகாயம் ஒன்றை எடுத்துப் படித்தார்.
ஹெச்.ஐ.வி. என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.
"வெயில் படாம வை."

லாரி ஷெட்டிலிருந்து வருவான் ஒருவன்,
"ரெண்டு பக்கம், ஒரு காப்பி" என்பான்.
கையில் நகலெடுக்க எதுவும் இருக்காது.
பெட்டியோடு ஒரு துண்டுச்சீட்டு தருவேன்:
இருபது நிமிடம் பொறு.
இரண்டு கோடு வந்தால் ஸ்டான்லியில் மறுபடி பார்க்கணும்,
துணைக்கு நான் வருகிறேன்.
அதை மட்டும் நிஜமாகவே ஜெராக்ஸ் எடுக்கிறேன்.

ஆடிக்குள் ஒன்பது மிஞ்சியது.
அதுவும் தீர்ந்தால்?

ஞாயிற்றுக்கிழமை ஏலச்சீட்டு.
இருபது பேர், ஆளுக்கு இரண்டாயிரம்.
மகளின் நர்சிங் ஃபீஸுக்கு
ஆறாயிரம் தள்ளி எடுத்தாள் மெஹருன்னிசா.
கழிவு தலைக்கு முந்நூறு என்று எழுதப்போன கையை
ரோஷிணி பிடித்தாள்.
"இருநூத்தி எண்பதுன்னு எழுது.
மிச்சம் அந்த டப்பாவுக்கு."
இருபது ரூபாய். ஒரு டீ, அரை வடை.
எல்லாருமாய் நானூறு,
மொத்த விலைக்கு இரண்டு பெட்டி வரும்.
இரண்டே இரண்டா என்று சிரித்தார்கள்.
சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.

கோமளவல்லி சிரிக்கவில்லை.
"ஊர் மேயறவனுக்கு நான் ஏன் அழணும்?"
முந்நூறை முழுசாய் எண்ணி வாங்கிப் போனாள்.
இருபது குறைந்தது.
தேவசகாயம் கல்லாவைத் திறந்து, மூடி,
பிறகு மறுபடி திறந்தார்.

சோழிங்கநல்லூர் கம்பெனிப் பையன் ஒருத்தன்
ஒன்றுக்கு ஐந்நூறு கொடுத்து
மீதி வேண்டாம் என்று ஓடியே போனான்.
அது ஒரு மாதம்தான்.
மற்ற மாதமெல்லாம் வடைக் கணக்கு.

ஐப்பசி மழையில்
கடை சாத்தும் நேரத்துக்குக் கோமளவல்லி வந்தாள்.
குடையை மடக்கவில்லை.
"ரெண்டு பக்கம்" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"ரெண்டு காப்பி."

அடுத்த ஏலத்தில்
எடுத்த எடுப்பில் ஒன்பதாயிரம் தள்ளிக் கேட்டாள்.
எதிர்த்து யாரும் கேட்கவில்லை.
பணம் எதற்கு என்று கேட்கும் வழக்கம்
எங்கள் சீட்டில் கிடையாது.

கழிவு தலைக்கு நானூற்று ஐம்பது.
நானூற்று முப்பது, நானூற்று முப்பது என்று எழுதிக்கொண்டே வந்து
அவள் பெயரில் பேனா நின்றது.
அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.