ஒரு சாண் அப்பால்

ரெட்டிச்சாவடி நர்சரியில் பாவாடை
கோணியைத் தரையில் கவிழ்க்கிறார்.
சந்தையில் வெங்காயம் சிந்தியதுபோல
உருண்டு ஓடுகின்றன கிழங்குகள்.
"எல்லாம் ஒண்ணுதாம்மா, கையில வந்தத எடுங்க."

எல்லாம் ஒன்றில்லை.
இருபத்தோரு வருடம் கூட்டுறவு வங்கியில் காசாளர் நான்.
நோட்டுக் கட்டு உள்ளங்கையில் விழும்போதே
தொண்ணூற்றொன்பதா நூறா என்று தெரிந்துவிடும்.
கிழங்கும் அப்படித்தான்.
பருமனைப் பார்த்து ஏமாந்த காலம் ஒன்று இருந்தது,
இப்போது கனத்தைத்தான் கேட்கிறேன்.
அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்துவேன்,
அமுங்கினால் அழுகல்.
உலுக்கும்போது சரசரத்தால் உள்ளே வெறும் தோல்.
கழுத்து இறுகி,
காய்ந்த வேர் ஒன்றிரண்டு தாடிபோல் தொங்க,
கூழாங்கல்லாய்க் கனப்பது எதுவோ
அது என்னோடு கடலூர் பஸ்ஸில் ஏறும்.

சம்பங்கி பன்னிரண்டு.
மழை லில்லி ஒரு கைப்பிடி, அதை எண்ணுவார் யாருமில்லை.
மே லில்லி மூன்று, ஒன்று நாற்பது ரூபாய்.
முப்பதுக்குக் கேட்டேன்.
பாவாடை வானத்தைப் பார்த்தார்.

மாசி மூன்றாம் வாரம் நட்டேன்.
எங்கள் மஞ்சக்குப்பத்துத் தெருவில்
போர்த் தண்ணீர் கரிக்கும்,
சம்பங்கிக்கு மட்டும் குடிதண்ணீரில் பங்கு உண்டு.
கெடிலத்து மணல் இரண்டு கூடை, எரு ஒரு கூடை.
சம்பங்கியை இரண்டு விரல் ஆழத்தில் மூடலாம்.
மே லில்லிக்குக் கழுத்து வெளியே தெரியவேண்டும்,
புதைத்தால் கோபித்துக்கொண்டு
அந்த வருடம் முழுக்கப் பேசாது.

பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்.
பக்கத்து வீட்டு இருதயராஜுக்கும் எனக்கும்
முக்கால் அடி நிலத்துக்கு வழக்கு,
முன்சீப் கோர்ட்டில் ஒன்பதாவது வருடம்.
புயலில் விழுந்த மதிலை
அவரும் கட்டவில்லை, நானும் கட்டவில்லை.
நடுவில் சர்வே கல் ஒன்று,
அதன்மேல் எப்போதாவது ஓர் ஓணான்.

பங்குனி போனது. மண் மண்ணாகவே கிடந்தது.
சித்திரையில் ஓர் இரவு இடி,
பத்து நிமிட மழை.
நான்காம் நாள் மழை லில்லிகள்
வெள்ளை வெள்ளையாய்ப் பாத்தி முழுக்க நின்றன.
மே லில்லியில் இரண்டு இலை விட்டன, பூ இல்லை.
மூன்றாவது அதுவுமில்லை.

ஆனால் கல்லுக்கு அப்பால்,
ஒரு சாண் தள்ளி, அவர் பக்கத்தில்,
இலையே இல்லாமல் ஒற்றைத் தண்டு,
அதன் உச்சியில்
பற்றிக்கொண்ட பந்துபோல் ஒரு சிவப்பு.

முன் வருடம் நான் வைத்த கிழங்கு.
கார்த்திகை வெள்ளம் என் பாத்தியை அரித்தபோது
தொலைந்தது என்று எழுதித் தள்ளிய கணக்கு.
தண்ணீருக்கு எந்தப் பட்டா, எந்தச் சிட்டா?

இருதயராஜ் அதைச் சுற்றி நான்கு செங்கல் அடுக்கியிருந்தார்.
காலையில் ஒரு வாளி.
மாலையிலும் ஒரு வாளி.
இரண்டு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொறுத்தேன்.
மூன்றாம் நாள் செருப்புக்கூடப் போடாமல் கல் வரைக்கும் போனேன்.

"இவ்ளோ ஊத்தாதீங்க, அழுகிடும்."

ஒன்பது வருடத்தில்
வக்கீல் எழுதித் தராத முதல் வாக்கியம்.

வாளியைக் கீழே வைத்தார்.
"எனக்கெங்க தெரியும்? தானா வந்திச்சி" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"உங்களுதா?"

சொல்லியிருக்கலாம்.
கல்லைப் பார்த்தேன்.
"வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்.
பூ போனப்புறம் இலை வரும், அத வெட்டிடாதீங்க,
அதுலதான் அடுத்த வருஷத்துப் பூவுக்குச் சோறு."

எட்டு நாள் இருந்தது.
ஒன்பதாம் நாள் தொட்டால் உதிரும் துருவாக நின்றது.
புதன்கிழமை வாய்தா.
வரிசையில் அவருக்கு நான்கு நாற்காலி தள்ளி நான்.
நீதிபதி விடுப்பு, ஆடிக்குத் தள்ளிவைத்தார்கள்.

படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார்:
"அது குட்டி போடுமா?"
போடும் என்றேன்.
ஐப்பசி மழைக்கு முன்னால் தோண்டிப் பார்க்கவேண்டும் என்றேன்.

"உங்க கடப்பாரையா, என் கடப்பாரையா?"

ஆடியில் என் சம்பங்கி தண்டு விடும்.
அதற்குள் யோசித்துச் சொல்கிறேன்.