முழங்கால் உயரம்

பிப்ரவரி இருபத்தெட்டு.
நாளை முதல் வேலிகள் பறவைகளுக்கு.
ஆகஸ்ட் முடியும்வரை கத்தரி படக்கூடாது, சட்டம்.
உறைபனி இன்னும் ஒருமுறை வரும் என்கிறது
என் இடது முழங்கை.
இரண்டில் ஒன்றை நம்பித்தான் ஆகவேண்டும்.
ரம்பத்தை எடுத்தேன்.

ஒன்பது வருடம் யாரும் தொடாத ஃபியூஷியா.
சமையலறைச் சன்னலைத் தின்று முடித்து
கூரையை மோந்துகொண்டிருந்தது.
போன கோடையில் உச்சியில் மட்டும் பூத்தது,
பேண்ட்ரி விரிகுடாவின் கடற்காகங்கள் பார்க்க.
அடியில் வெறும் தடி, உரிந்து தொங்கும் பட்டை,
ஒரு டென்னிஸ் பந்து, செம்மறி ரோமம் ஒரு பிடி,
தபால்காரர் நான்கு வருடமாகக் கேட்கும்
எங்கள் வீட்டுப் பெயர்ப்பலகை.

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
பழுப்பு.
கொஞ்சம் கீழே, பழுப்பு.
இன்னும் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில்
ஈரப் பச்சை, வெள்ளரித் தோலின் உட்புறம்போல.
அங்கே, கணுவுக்கு ஒரு விரல் மேலே, சாய்வாக வெட்டு.
ஒவ்வொரு தடியிடமும் அதே கேள்வி.
ஒவ்வொன்றும் வேறு உயரத்தில் பதில் சொன்னது.
சில சொல்லவேயில்லை.

மூன்று மணிக்கு ரம்பம் இரும்பில் உரசியது.
ஒரு கேட்.
இங்கே ஒரு கேட் இருந்ததையே மறந்திருந்தேன்.
அந்தப் பக்கம் முட்டைக்கோஸ் பாத்தி,
பாத்தி நடுவே மண்வெட்டியோடு
ஃபாக்னா க்ரோலி.
எண்ணெய்த் தொட்டித் தகராறுக்குப் பிறகு
அவர் முகத்தை முழுசாக இப்போதுதான் பார்க்கிறேன்.
கிழவராகியிருந்தார்.
நானும்தான் என்பது
அவர் பார்த்த விதத்தில் தெரிந்தது.

'காற்றையெல்லாம் என் பக்கம் திறந்துவிட்டாய், கோப்னெட்.
முட்டைக்கோஸ் படுத்துவிடும்.'
'மே மாதம் தழைத்துவிடும்.'
'தழைக்காவிட்டால்?'
எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்று சொல்லவுமில்லை.

அவர் உள்ளே போனார்.
அவ்வளவுதான் என்று கழிகளைக் கட்டத் தொடங்கினேன்.
தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.
ஒரு வண்டி கடற்பாசி, நாற்றத்தோடு.
கேட் திறக்கவில்லை, கீல் துருவாகிவிட்டது.
அதன் மேலாகவே கொட்டினார்,
என் பக்கத்து அடிக்கட்டைகள் மூடும்படி.
'உறைபனிக்கு' என்றார்
முட்டைக்கோஸைப் பார்த்தபடி.

பதினான்கு கட்டைகளில் பதினொன்று தளிர்த்தன,
கணுவுக்கு இரண்டாக, செம்பு நிறத்தில்.
ஜூலையில் முதல் பூ,
குனிந்தால் முகத்துக்கு நேராக,
அதற்குள் தலைகீழாக ஒரு வண்டு.

மூன்று வரவில்லை.
அந்த இடைவெளியில் இன்னும் எதையும் நடவில்லை நான்.
காற்று வருகிறது அதன் வழியே,
வானிலை அறிக்கைக்கு நடுவே
ஃபாக்னா தும்முவதும்.