கடிகாரப் பட்டை

ஒன்பது குச்சி, ஒன்பது குழி.
வலக்கை இருபத்தெட்டு நொடி,
இடக்கை நாற்பத்தொன்று.
இருபத்தைந்து அடி நடையில்
ஒருமுறை சுவரைத் தொட்டார்.
தொட்டதை எழுதக் கட்டம் உண்டு;
தொட்டுவிட்டு என்னைப் பார்த்ததை
எழுத இல்லை.

எவோரா மருத்துவமனையில்
எண் சேகரிப்பவள் நான்.
நாலாயிரம் பேரின் ரத்தம், தூக்கம்,
சிறுநீர் அவசரம்,
மூளைப் படத்தின் வெண்புள்ளிகள்
எல்லாம் ஒரே கிடங்கில் விழுந்தால்
ஒருவருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று தெரியவருமாம்.
அந்த 'ஆம்' என்னுடையது.
டாக்டர் லியோக்காடியா
'தெரியவரும்' என்றே சொல்கிறார்.

பெல்மிரு ஷருவாவுக்கு முப்பத்தெட்டு.
தக்கைமரத்தில் பட்டை உரித்தவர்
என்று எழுதினேன்.
உரிப்பவர் என்று திருத்தச் சொன்னார்.

"உரித்த மரத்தில் வெள்ளைச் சாயத்தில் ஓர் இலக்கம்,
அந்த ஆண்டின் கடைசி எண்.
பிறகு ஒன்பது கோடை கிட்டே போகமாட்டோம்.
என்மேல் இன்றைக்கு மட்டும்
எத்தனை எழுதினாய்?"

எண்ணிப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு.

படத்தில் அவர் நரம்பின் உறையும்
அங்கங்கே உரிந்துதான் கிடந்தது.
நான் வாய் திறக்கவில்லை.
அவரே முந்திக்கொண்டார்:
"மரத்துக்கு வளரும்."

ஜூலையில் கணினி ஒரு வரியைச் சிவப்பாக்கியது.
அதிகாலை மூன்று ஐம்பது,
இரண்டாயிரத்து நூறு காலடி.
பகலெல்லாம் நானூறைத் தாண்டாத கால்.
கருவிப் பிழை, நீக்கலாமா என்றது.
விரல் 'ஆம்' மேல் இருந்தது.

போன் செய்தேன்.
அவர் வந்து எடுக்கும்வரை மணி அடித்தது.
"வெயிலில் கால் என் பேச்சைக் கேட்பதில்லை.
அந்நேரம் தரை குளிர்ந்திருக்கும்.
மரம் மரமாய்க் கை வைத்துப் பார்த்து வருவேன்.
அடெலினாவுக்குத் தெரியாது.
அதையும் எழுதுவாயா?"

'பிற' என்ற கட்டத்தில்
நூற்றிருபது எழுத்துக்குத்தான் இடம்.
குளிரில் நடக்கிறார், என்று எழுதினேன்.
மரங்கள் கொள்ளவில்லை.
அடெலினாவை நானே விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் டாக்டர்
சிவப்பு வரிகளை மட்டும் தனியே எடுக்கச் சொன்னார்.
விடியலில் நடப்பவர் இன்னும் நாற்பத்தாறு பேர்.
அதற்குமுன் நான் நீக்கியவை எத்தனை?
அதற்குப் பதிவில்லை.

பெல்மிருவுக்கு இப்போது
காலை ஏழு மணிக்குச் சோதனை.
இருபத்தைந்து அடி. சுவர் தேவைப்படவில்லை.
போகும்போது கடிகாரப் பட்டையைத் தளர்த்திக் காட்டினார்:
வெயில் படாத வெளுத்த தோலில்
பேனாவால் ஓர் இலக்கம்.
"இனி ஒன்பது கோடை
கிட்டே வரக்கூடாது" என்று சிரித்தார்.

அடுத்த வருகை நவம்பர் நான்கு
என்று எழுதிக் கொடுத்தேன்.