பின்னிருக்கைப் பச்சை

செவ்வாய்க்கிழமைகளில் பிரெஸ்ட் நகரில்
ஓட்டுநர் தேர்வு நடத்துகிறேன்.
முன்னால் நானும், வியர்க்கும் ஒரு பையனும்.
பின்னால், தேர்வு முடியும்வரை
வாய் திறக்கக் கூடாத பயிற்றுநர்
மரிவோன் கெர்தோங்கூஃப்.
அவள் பேசுவதில்லை.
அவளுக்கு முன்னே அவள் வாசனை வந்து உட்காரும்.

பூ வாசனை என்றால்
கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சும் என்றிருந்தேன்.
இது கொஞ்சாது.
தண்டை ஒடித்தால் விரலில் ஒட்டுமே பால்,
அந்தக் கசப்பில் தொடங்கும்.
அவரைப் பிஞ்சை நகத்தால் கிள்ளிய வாடை.
பச்சை என்றால் அப்படியொரு பச்சை:
பச்சைத் தண்ணீரில் இருப்பது,
பச்சைப் பொய்யில் இருப்பது,
பச்சைப் புண்ணில் இருப்பது.

ரெக்கூவ்ரான்ஸ் பாலம் ஏறும்போது ஹயசிந்த்.
இறங்கும்போது
மே முதல் தேதி தெருமுனையில் விற்பார்களே
மணிமணியாய் வெள்ளைப் பூ, அது.
பையன் வண்டியை நிறுத்தி
கைபிரேக்கை மறக்கும் நேரத்தில்
ஓக் மரத்துப் பாசியும்
மழையில் நனைந்த தோல்பையும்.

பதினோரு ஆண்டுகள்.
பெயர் கேட்டதில்லை.
கேட்கக் கூடாதென்று விதி இல்லை,
எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்
பின்னிருக்கையில் வேறு யாரோ.
திரும்பிப் பார்த்தால் அவளேதான்.
பேரிக்காயும் சோப்பும் கலந்து
நல்ல பிள்ளையாய்க் கைகட்டி நின்றது மணம்.
அன்று கேட்டுவிட்டேன்.
"அதே பெயர்தான், அதே பெட்டிதான்" என்றாள்.
"பாசியை எடுத்துவிட்டார்கள்.
யாருக்கோ தோல் அரித்ததாம்."

நான் தேடவில்லை என்று சொன்னால்
அது முன்னே சொன்ன பச்சைகளில் இரண்டாவது.

ஞாயிற்றுக்கிழமை, துறைமுகப் பழஞ்சந்தை.
துருப்பிடித்த சங்கிலிக்கும்
தலையில்லாத பொம்மைக்கும் நடுவே
கறுப்பு மூடிப் புட்டி,
இரண்டு விரற்கடை மீதம்.
"கெட்டுப்போயிருக்கும், ஐயா,"
என்றான் விற்பவன்,
பத்து யூரோவை மடித்துக்கொண்டே.

தேர்வாளன் பயிற்றுநருக்குப் பரிசு கொடுத்தால்
அதற்கு என்ன பெயர் என்று தெரியும்.
அலமாரியில் வைத்தேன்.
இரண்டு வாரம் அது என்னைப் பார்த்தது.
மூன்றாம் செவ்வாய் காலை,
நாற்பத்தொன்பது வயது, மீசை, அரசாங்க டை,
மணிக்கட்டில் இரண்டு சொட்டு.

காருக்குள் ஏறியதும் தெரிந்தது:
நகப்பூச்சு அழிக்கும் நெடி.
காய்ந்துபோன வினிகர்.
ஓட்ட வந்த பெண், ஏனோரா,
கண்ணாடியை இறக்கினாள்.
இருமுறை எஞ்சினை அணைத்தாள்.
என் காது சுட்டது.
கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன்,
எழுதும் அட்டையால் மூடினேன்,
மறையவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து,
பதினோரு ஆண்டில் முதல்முறையாக
தேர்வின் நடுவே அந்தக் குரல்:
"பத்து நிமிடம் பொறுங்கள்."

ஏனோரா அது தனக்கென்று நினைத்தாள்.
வட்டச் சந்திப்பின் வாயிலில்
வண்டியை நிறுத்தினாள்.
மீன் லாரி போனது, பள்ளிப் பேருந்து போனது,
சைக்கிளில் ஒரு பாதிரியார் போனார்.
பின்னால் ஆறேழு ஹாரன்கள்.
அவள் அசையவில்லை.

பயிற்றுநர் பேசினால் குறிக்க
என் அட்டையில் ஒரு கட்டம் உண்டு.
பேனாவின் மூடியைக் கழற்றவில்லை.

மழை நின்றிருந்தது.
என் கையிலிருந்து முதலில் கசப்பு,
ஒடிந்த தண்டு,
பிறகு அவசரமே இல்லாமல்
ஹயசிந்த்.

கண்ணாடியில் மரிவோன்
மூச்சை உள்ளே இழுத்து
வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்போது போகலாம்," என்றேன்,
யாரிடம் என்று தெரியாமல்.